கழுவிக் காயவைத்த தொட்டிதான் நாறுகிறது

கேள்வி: மண்டபம் அருகே நெடுஞ்சாலையை ஒட்டி நானும் என் தம்பியும் மீன் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். அறுபது பேர் உட்காரலாம். ஞாயிறு, விடுமுறை நாட்களில் ராமேசுவரம் போய்த் திரும்பும் வண்டிகளால் கூட்டம் இரட்டிப்பாகிவிடும். பாத்திரம் கழுவும் இடத்துக்கு வெளியே 300 லிட்டர் ஃபைபர் கிரீஸ் ட்ராப் (கழிவுநீரில் வரும் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி) வைத்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. பாத்திரம் கழுவும் தண்ணீர், சோறு வடித்த கஞ்சி எல்லாம் அதில்தான் விழுகிறது. அங்கிருந்து பின்கட்டில் உள்ள செங்கல் சேம்பர் (கழிவுநீர்க் குழி) வழியாக செப்டிக் டேங்குக்குப் போகிறது. மாதம் ஒரு முறை ட்ராப்பைச் சுத்தமாகக் கழுவி, ஓர் இரவு காயவிட்டு மூடுகிறோம். ஆனாலும் மறுநாளே அடுப்படி வரை நாற்றம். ஞாயிறு மதியம் சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து வருகிறது. காஸ்டிக் சோடாவும் கொதிநீரும் ஊற்றச் சொல்கிறார் பிளம்பர். பாக்டீரியா பவுடர் போட்டால் அள்ளவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். சேம்பர் அடைத்துக்கொண்டால் எங்களிடம் வேலை பார்க்கும் பெரியவர் இறங்கி அள்ளிக் கொடுக்கிறார். பக்கத்து வீட்டார் பேரூராட்சியில் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். பெரிய தொட்டியாக வாங்கிவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

தொட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பெரியவர். இனி ஒரு முறைகூட அவர் சேம்பருக்குள் இறங்கக் கூடாது. இந்தப் பதிலை முழுவதும் படிப்பதற்கு முன்பே எழுந்து போய் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

காரணம் இதுதான். கொழுப்பும் சோற்றுப் பருக்கையும் காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. அது காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே கிளம்பாமல் குழிக்குள்ளேயே தங்கும். அடர்த்தி கூடியதும் முதலில் மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் அங்கேயே விழுவார். இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறக்கிய உரிமையாளர் சிறைக்குப் போக நேரும். சட்டமே இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் எழுதியிருப்பேன். சேம்பர் அடைத்தால் உரிமம் பெற்ற கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டு, மேலே நின்றபடி குழாய் விட்டு உறிஞ்சச் சொல்லுங்கள். ட்ராப்பைச் சரியாகப் பராமரித்தால் அந்தச் சேம்பரைத் திறக்கும் தேவையே பெரும்பாலும் வராது.

இப்போது நாற்றத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையாகச் சொல்லியிருக்கும் வரியிலேயே விடை இருக்கிறது: "ஓர் இரவு காயவிட்டு மூடுகிறோம்." குடத்தையும் அண்டாவையும் கவிழ்த்துக் காயவைத்துப் பழகிய கை இதையும் அப்படித்தான் செய்யும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் கிரீஸ் ட்ராப் தண்ணீரோடு இருந்தால்தான் கிரீஸ் ட்ராப். காய்ந்து கிடந்தால் அது வெறும் பெட்டி.

அதன் வேலை இவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் ஏறக்குறைய 920 கிராம். அந்தச் சிறு வித்தியாசத்தால் எண்ணெய் மேலே மிதக்கிறது; பருக்கை, முள் எல்லாம் அடியில் படிகிறது. நடுவில் நிற்கும் தண்ணீர் மட்டும் வெளியேற வேண்டும். அதற்காகவே வெளியேறும் குழாயை ஆங்கில எழுத்து 'T' (டீ) வடிவில் வைத்து, அதன் கீழ்வாயைத் தண்ணீருக்குள் ஆழத்தில் நிறுத்தியிருப்பார்கள். அந்த வாய் தண்ணீரில் மூழ்கியிருக்கும் வரை இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மிதக்கும் எண்ணெய் அந்த வழியாக வெளியேற முடியாது. செப்டிக் டேங்கின் வாயு அந்த வழியாகத் திரும்பி உள்ளே வர முடியாது.

நீங்கள் தொட்டியைக் காயவைத்த இரவில் அந்த வாய் திறந்து கிடக்கிறது. பின்கட்டு வாயு முழுவதும் சேம்பர், குழாய், காலித் தொட்டி என்று வழி பிடித்து சிங்க் வரை வந்து நிற்கிறது. கழுவிய மறுநாள் நாறுவது அதனால்தான். மறுநாள் காலையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் காலித் தொட்டியில் மெல்ல ஏறும்போது, அதன்மேல் மிதக்கும் எண்ணெய் திறந்து கிடக்கும் டீயின் வாய்க்குள் புகுந்து, மட்டம் ஏறியதும் முதல் ஆளாகக் குழாய்க்குள் போய்விடுகிறது. மாதம் ஒரு முறை பாடுபட்டுக் கழுவி, அந்த ஒரே நாளில் குழாய்க்குள் கொழுப்பை அனுப்பியிருக்கிறீர்கள்.

ஆகவே, கழுவி முடித்த கையோடு வெளியேறும் குழாயின் மட்டம் வரை பச்சைத் தண்ணீரால் நிரப்பிவிடுங்கள். உங்கள் பகுதியில் தண்ணீர் குடத்துக் கணக்கில் விலைக்கு வாங்குவது என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். போர் தண்ணீரை ஊற்றினாலும் தொட்டி வேலை செய்யும். ஆனால் கடலோரத்து உப்புத் தண்ணீரில் சல்பேட் அதிகம்; காற்றில்லாத இடத்தில் அந்த சல்பேட்டைத்தான் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றுகிறது. உள்நாட்டுத் தொட்டியைவிடக் கடலோரத்துத் தொட்டி சீக்கிரம் நாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு டிரம் நல்ல தண்ணீர் கலக்க முடிந்தால் கலந்துகொள்ளுங்கள். முடியாவிட்டால் உப்புத் தண்ணீரே ஊற்றுங்கள். காலியாக மட்டும் விடாதீர்கள்.

நிரப்புவதற்கு முன்பு குனிந்து அந்த டீ குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். சில வருடங்களுக்கு முன்பு கீழக்கரையில் ஒரு பிரியாணிக் கடைக்கு என்னை அழைத்திருந்தார்கள். வாரந்தோறும் அடைப்பு என்றார்கள். ட்ராப் மூடியைத் திறந்தேன். மேலே எண்ணெய் ஆடை இல்லை, வழவழப்பு இல்லை. வெறும் கலங்கல் தண்ணீர்தான் இருந்தது. கடைக்காரர் அதைக் காட்டி, "எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம் பாருங்கள்" என்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஆட்டுக் கொழுப்பில் புழங்கும் அடுப்படியின் ட்ராப்பில் எண்ணெய் இல்லையென்றால், அது வேறு எங்கோ போயிருக்கிறது என்றுதான் பொருள். கையுறை போட்டு உள்ளே துழாவினேன். டீயின் கீழ்த்துண்டு இல்லை. அடிக்கடி அடைக்கிறதே என்று யாரோ ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். வெளியே நான்கு அங்குலக் குழாயை ஓர் இடத்தில் வெட்டிப் பார்த்தோம். சுற்றிலும் சுண்ணாம்புக் கல்லைப் போன்ற வெளிறிய கொழுப்பு. நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அந்தக் கடையின் கழிவுநீர் அத்தனையும் அந்தத் துளை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கொழுப்பு ஏன் கல்லானது என்பதைச் சொன்னால், உங்கள் பிளம்பர் சொல்லும் காஸ்டிக் சோடாவை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பது புரியும். காஸ்டிக் சோடா கொழுப்போடு சேர்ந்தால் சோப்பாகிவிடும். சோப்பு தயாரிப்பதே அப்படித்தான். கொதிநீரோடு ஊற்றியதும் அடைப்பு கரைந்து, தண்ணீர் சடசடவென்று இறங்கும். அன்றைக்கு எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் கரைந்தது ட்ராப்பில் நிற்காமல் குழாய்க்குள் போய்க் குளிர்கிறது. உங்கள் போர் தண்ணீரில் துணி துவைத்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளை வெள்ளையாகத் திரிந்து பிசுக்காக ஒட்டுகிறது அல்லவா? தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்வதால் வருகிற பிசுக்கு அது. அதே காரியம் குழாய்க்குள் நடக்கிறது. விரலால் வழித்து எடுக்கக்கூடிய கொழுப்பை, உளி வைத்துக் கொத்த வேண்டிய கல்லாக நாமே மாற்றிவிடுகிறோம். போதாததற்கு, காஸ்டிக் சோடா தெறித்தால் கண் போய்விடும். அடுப்படியில் அது இருக்கவே வேண்டாம்.

கொதிநீர் மட்டும் ஊற்றினாலும் இதே கதைதான். மெதுவாக நடக்கும், அவ்வளவே. அந்த வகையில் நீங்கள் தினமும் ஊற்றும் கொதிநீர் வடிகஞ்சி. உலையிலிருந்து நேராக வருகிற கஞ்சி ட்ராப்பில் திரண்டு கிடக்கும் எண்ணெயை இளக்கிக் கலக்கி விடுகிறது. பிறகு அதில் உள்ள மாவுச்சத்து அடியில் பசைபோலப் படிந்து, ஒரே நாளில் புளித்துவிடுகிறது. கஞ்சியை முதலில் ட்ராப்பிலிருந்து பிரித்துவிடுங்கள். மூடியுள்ள ஒரு டிரம்மில் ஊற்றி ஆறவிட்டால், ஆடு மாடு வைத்திருப்பவர்கள் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டு போவார்கள். புகார் கொடுக்கப் போவதாகச் சொல்லும் பக்கத்து வீட்டில் மாடு இருந்தால் அவர்களுக்கே கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் நாற்றத்தில் பெரும்பகுதி குறையும் என்று நம்புகிறேன்.

பாக்டீரியா பவுடரைப் பொறுத்தவரை, அதில் பயனே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் அவை தின்று செரிக்க நேரம் வேண்டும். ஞாயிற்று நெரிசலில் உங்கள் ட்ராப்பில் தண்ணீர் நிற்பதோ அரை மணி நேரம்கூட இருக்காது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தரை கழுவிய தண்ணீர் உள்ளே போனால் அவை செத்தும் போகும். சில பவுடர்களில் இருப்பது நுண்ணுயிரே அல்ல, கொழுப்பை உடைக்கும் நொதி. அது கொழுப்பை இளக்கிக் கீழே அனுப்பும், காஸ்டிக் சோடாவைப் போலவே. "அள்ளவே வேண்டாம்" என்று சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். அள்ளாமல் தீராது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை அள்ளுவது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே மிதப்பதும் அடியில் படிந்ததும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் நாலில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் அள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் உலகெங்கும் வழங்கும் கணக்கு. உங்கள் அளவுத் தொட்டியில் தண்ணீர் 48 சென்டிமீட்டர் ஆழம் நிற்பதாக வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து 12 சென்டிமீட்டர். அரைச் சாணுக்குச் சற்றே அதிகம்.

அளக்கும் கருவியை நீங்களே செய்துகொள்ளலாம். மூன்றடி நீளமுள்ள அரை அங்குல பிவிசி குழாயின் நுனியில் ஓர் எல்போவை, அதாவது வளைவுத் துண்டை, மாட்டுங்கள். எண்ணெய் ஆடையைத் துளைத்து உள்ளே இறக்கி, அரைச்சுற்றுத் திருப்பி, மெல்ல மேலே தூக்குங்கள். எல்போவின் மூக்கு ஆடையின் அடிப்பக்கத்தில் தட்டும் இடம் கைக்குத் தெரியும். ஆடையின் மேல்மட்டத்தில் குழாயைப் பிடித்து அடையாளமிட்டு, வெளியே எடுத்து, மூக்கிலிருந்து அடையாளம் வரை அளந்தால் அதுதான் கனம். பிறகு அதே குழாயை மெல்லக் கீழே இறக்குங்கள். முதலில் சேற்றில் பட்டுத் தயங்கும் இடத்துக்கும் தொட்டியின் அடியைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் படிவின் கனம். மூன்று நாளுக்கு ஒரு முறை அளந்து சுவரில் எழுதி வையுங்கள். எத்தனையாவது நாளில் 12 வருகிறதோ அதுவே உங்கள் கடையின் கணக்கு. மீன் பொரிக்கும் கடைகளில் நான் பார்த்தவரை அது ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். மாதம் ஒரு முறை என்பது உங்களுக்கு நிச்சயம் போதாது.

மீன் கடைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆட்டுக் கொழுப்பு ஆறியதும் உறைந்து ஏடாக நிற்கும், கரண்டியால் வழித்துவிடலாம். மத்தி மீனின் நெய் உறைவதில்லை. மேலே மஞ்சளாக, மெல்லிய படலமாக ஆடிக்கொண்டே இருக்கும். சல்லடைக் கரண்டியில் அள்ளினால் ஒழுகிவிடும். குழிந்த அகப்பையாலோ குவளையாலோ மொண்டுதான் எடுக்க வேண்டும். செதிலும் அப்படித்தான். எடை இல்லாததால் அடியில் படியாமல், படலத்தின் கீழே ஒட்டிக்கொண்டு டீயின் வாய்க்குப் போய் அடைத்துக்கொள்ளும். மீன் ஆய்கிற இடத்துத் தண்ணீர் சிங்க்கை அடையும் முன்பு மெல்லிய கண்ணுள்ள ஒரு சல்லடைக் கூடையைத் தாண்டிப் போகட்டும்.

சுத்தம் செய்ய சனிக்கிழமை விடியற்காலையைத் தேர்ந்தெடுங்கள். அடுப்பு மூட்டுவதற்கு முன்பு தொட்டி குளிர்ந்திருக்கும், எண்ணெய் மேலே நன்றாகப் பிரிந்து நிற்கும். ஞாயிற்றுக் கூட்டத்துக்கு முழுத் தொட்டியும் தயாராகிவிடும். மூடியைத் திறந்து சிறிது நேரம் காற்றாட விட்டு, தலையை உள்ளே நீட்டாமல் நின்று, முதலில் மேலே மிதப்பதை மொள்ளுங்கள். பிறகு தண்ணீர், கடைசியாக அடிச்சேறு. சுவரையும் தடுப்புப் பலகையையும் மரக்கட்டையால் சுரண்டுங்கள். சோப்புப் போட வேண்டாம். அள்ளியதைத் தென்னைநார்த் தூளோடு பிசறினால் எண்ணெயை அது குடித்துவிடும். உச்சிப்புளிப் பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. மரத்தூளோ அடுப்புச் சாம்பலோகூடப் போதும். மூட்டையாகக் கட்டிப் பேரூராட்சி வண்டியில் சொல்லிக் கொடுங்கள். பனங்காட்டு ஓரத்தில் குழி தோண்டிப் புதைக்காதீர்கள். உங்கள் ஊர் மணலில் ஊற்றியது எதுவும் ஊற்றிய இடத்தில் நிற்காது. அக்கம்பக்கத்துக் கிணறுகளில் போய்ச் சேரும்.

ஞாயிறு மதியம் தண்ணீர் எதிர்த்து வருவதற்கு முதல் காரணம் ஓரளவு அடைத்த குழாய். லாரி வரும் நாளில் ட்ராப்பிலிருந்து சேம்பர் வரை உள்ள குழாயையும் கம்பிச்சுருள் விட்டுச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அப்படியும் எதிர்த்தால் தொட்டி போதவில்லை என்று பொருள். அதைச் சோதிப்பது எளிது. மதிய நெரிசலில் உங்கள் அடுப்படித் தண்ணீர்த் தொட்டி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அதில் பாதியளவாவது ட்ராப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வருகிற தண்ணீர் அரை மணி நேரமாவது நின்று போகும். சாதாரண நாளில் 400 லிட்டர் இறங்கினால் உங்கள் 300 லிட்டர் தாராளம். ஞாயிறன்று 800 இறங்குகிறதென்றால் 400 வேண்டும். அதிலும் கால்வாசியை எண்ணெயும் சேறும் பிடித்திருந்தால் உங்களுக்கு மிச்சம் 225தான். பதினேழு நிமிடத்தில் தண்ணீர் ஓடிவிடும். எண்ணெயும் கூடவே போகும்.

அதற்காக உடனே பெரிய தொட்டிக்குப் பணம் போட வேண்டாம். முதலில் உள்ளே போவதைக் குறைத்துப் பாருங்கள். சாப்பாட்டை வாழை இலையில் போடுகிறீர்களென்றால் எண்ணெயில் ஒரு பகுதி இலையோடு போய்விடுகிறது. அது பெரிய வரம், எக்காரணம் கொண்டும் தட்டுக்கு மாறாதீர்கள். குழம்புச் சட்டியையும் பொரித்த கடாயையும் தண்ணீரில் நனைப்பதற்கு முன்பு பழைய செய்தித்தாளாலோ சாம்பலாலோ அழுத்தித் துடைக்கச் சொல்லுங்கள். நம் பாட்டிமார் சாம்பல் போட்டுத் துலக்கியது சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய கடாய்களை மதியம் கழுவாமல் துடைத்து வைத்துவிட்டு, மாலையில் கழுவலாம். பாத்திரம் கழுவும் பெண்களை உட்காரவைத்து ஒரு முறை ட்ராப்பைத் திறந்து காட்டுங்கள். தாங்கள் துடைக்காமல் விட்ட சட்டி எங்கே போய் நிற்கிறது என்று ஒரு முறை பார்த்தவர்கள் பிறகு துடைக்காமல் விடமாட்டார்கள்.

பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. கடை மூடும் நேரத்தில் அது சிங்க்குக்குள் போகிறதா என்று கவனியுங்கள். பல கடைகளில் உரிமையாளருக்குத் தெரியாமலே போகிறது. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு விதி. ஒதுக்கிய எண்ணெயை மூடியுள்ள டின்னில் சேர்த்து வைத்து, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுத்தால் பயோடீசலுக்குப் போகும், காசும் கிடைக்கும். நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் கடை என்றால் கணக்கேடே வைக்க வேண்டும். ட்ராப்பில் அள்ளியதை அந்த டின்னில் மட்டும் கலந்துவிடாதீர்கள்.

இத்தனையும் செய்து ஒரு மாதம் கழித்தும் ஞாயிறு சரியாகவில்லையென்றால், இருக்கிற தொட்டியைத் தூக்கி எறியாமல், அதற்கு அடுத்து 500 லிட்டரில் இன்னொன்றைத் தொடராக வையுங்கள். முதல் தொட்டி செதிலையும் பருக்கையையும் பிடிக்கும். இரண்டாவது அமைதியாக எண்ணெயைப் பிரிக்கும். இரும்புத் தகட்டுத் தொட்டி உங்கள் காற்றில் தாங்காது. 304 ரக எவர்சில்வரிலும் உப்புக் காற்று புள்ளி புள்ளியாகத் துளையிடும். ஃபைபரோ தடித்த பிளாஸ்டிக்கோ போதும். ஆணி, கீல் மட்டும் 316 ரகமாகக் கேட்டு வாங்குங்கள். மண்ணில் புதைப்பதானால் அடியில் கான்கிரீட் தளம் போட்டு அதோடு இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் மணலில் ஊற்று மேலே ஏறும்போது, காலியாக விட்ட தொட்டி படகுபோல மிதந்து குழாய்களைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தொட்டியைக் காயவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு அது இன்னொரு காரணம். இந்த வேலையை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டால் வியாபாரத்துக்கும் இடைஞ்சல் குறைவு.

பக்கத்து வீட்டாரிடம் நீங்களே முந்திக்கொண்டு பேசுங்கள். மூடியைத் திறந்து காட்டி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். பேரூராட்சியிலிருந்து ஆள் வந்தாலும் பயப்பட வேண்டாம்; சுவரில் எழுதிய அளவுக் கணக்கையும் லாரிக்காரர் கொடுத்த ரசீதையும் காட்டுங்கள். கடலோர நீரில் விடும் கழிவில் ஒரு லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருக்கக் கூடாது என்பது சுற்றுச்சூழல் விதி. 20 மில்லிகிராம் என்பது ஒரு முழுத் துளிகூட இல்லை. உங்கள் ஊரில் அதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கக் காரணம் உண்டு. உங்கள் கடைக்குத் தெற்கே இருப்பது 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. ஆவுளியா என்ற கடல்பசு மேயும் கடல்புல்லும், உங்கள் சட்டிக்கு வருகிற மீன் குஞ்சு பொரிக்கிற பவளத்திட்டும் அங்கேதான் இருக்கின்றன.

வரும் சனிக்கிழமை கழுவி, நிரப்பி, மூன்று நாள் கழித்து அளந்து பாருங்கள். முதல் நான்கு அளவுகளையும் ஞாயிறு மதியம் தண்ணீர்த் தொட்டி இறங்கிய கணக்கையும் எழுதி அனுப்பினால், இரண்டாவது தொட்டி உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிடுகிறேன்.